கேள்வி தயாராகும்போதே நூலகர் உடனிருக்க வேண்டும்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதலாமாண்டு மாணவர்களை வகுப்பு வகுப்பாக நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. எத்தனை நூல்கள் எடுக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் அபராதம் எவ்வளவு என்பவற்றை நூலகர் சொல்வார். கணினியில் நூற்பட்டியலைத் திறந்து ஒரு நூலைத் தேடிக் காட்டுவார். யாரேனும் படம் எடுப்பார்கள்; அந்தப் படமும் கையெழுத்துப் பட்டியலும், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மாணவர் ஆராய்ச்சிப் படிப்பு வரை போனால், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்குமுன், அது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை விழுக்காட்டுச் சான்றிதழ் வாங்குவதற்காக மறுபடியும் நூலகரைத் தேடி வருவார். முதல் சந்திப்பில் நூலகர் வழிகாட்டி, கடைசிச் சந்திப்பில் காவலர். இடைப்பட்ட ஆண்டுகளில், ஒரு தகவல் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், அதை எவ்வாறு எடுத்தாள வேண்டும் என்பனவற்றை யார் கற்பித்தார்கள் என்று கேட்டால், துறை நூலகத்தைக் கைகாட்டும். நூலகம் துறையைக் கைகாட்டும்.

கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தகவலைத் தேடி, எடைபோட்டு, எடுத்தாளும் இந்தத் தகவல் அறிதிறனை நூலகர் தனியாகவும் கற்பிக்க முடியாது, பாட ஆசிரியர் தனியாகவும் கற்பிக்க முடியாது. இருவரும் கூடிச் செய்வது என்றால், ஆசிரியர் தம் வகுப்பில் ஒரு மணி நேரத்தை நூலகருக்கு விட்டுக்கொடுப்பது அன்று. மாணவருக்குக் கொடுக்கப்போகும் ஒப்படைவின் கேள்வியை எழுதும்போதே நூலகர் பக்கத்தில் இருக்க வேண்டும். கேள்வி பழைய மாதிரியே இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பயிலரங்குகள் நடத்தினாலும் மாணவர் முதலில் கிடைக்கும் பக்கத்தைப் படியெடுத்துத்தான் தருவார். கேள்வி அதற்குமேல் எதையும் அவரிடம் கேட்கவில்லையே.

இது புதிய எண்ணமும் அன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மான்டீத் கல்லூரியில், 1960களின் தொடக்கத்தில் பட்ரீஷியா நாப் என்ற நூலகர் இதைச் சோதித்துப் பார்த்தார். பாடங்களுக்கான பயிற்சிகளை நூலகர்களும் ஆசிரியர்களும் கூடித் திட்டமிட்ட அந்த முயற்சியைப் பற்றிய அறிக்கை 1966இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1962இல், இண்டியானா மாநிலத்தின் எர்ல்ஹாம் கல்லூரிக்கு நூலகராக வந்த எவான் ஃபார்பர், நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக நடத்தாமல், குறிப்பிட்ட பாடத்தின் குறிப்பிட்ட ஒப்படைவோடு பிணைத்து நடத்தும் முறையைப் பல்லாண்டுகள் விடாமல் செய்துகாட்டினார். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில், தகவல் அறிதிறனுக்கான தரநிலைகளை அளந்து பார்க்கத்தக்க திறன்களின் பட்டியலாக வெளியிட்டது. பின்னர் 2016இல் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஆறு கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்தை அதன் இடத்தில் வைத்தது. புலமை என்பது ஓர் உரையாடல், ஒருவரது அதிகாரபூர்வத் தன்மை சூழலைப் பொறுத்தது என்பன போன்ற அந்தக் கருத்துகளை நூற்பட்டியலைத் திறந்து காட்டி விளக்கிவிட முடியாது. வரலாற்றில் உரையாடல் நடக்கும் விதம் வேறு, வேதியியலில் வேறு. அதைச் சொல்லத் துறைக்காரர் வேண்டும்.

நம் பக்கத்தில், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனே இருக்கிறார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்பதற்குமுன் அவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். புதிதாக வரும் வாசகருக்கு நூலகத்தைப் பழக்குவதையும் நூலகப் பணியின் ஓர் அங்கமாகவே அவர் வகுத்தார். ஆசிரியரும் நூலகரும் ஒரே மனிதருக்குள் இருந்ததாலோ என்னவோ, இந்தப் பிரிவினை அவருக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. ரங்கநாதன் படத்துக்கு ஆகஸ்டு மாதத்தில் மாலை போடும் கல்லூரிகளில், பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு நூலகரை அழைப்பவை எத்தனை இருக்கும் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு, அது கிடக்கட்டும்.

எங்கள் கல்லூரி நூலகரோடு சேர்ந்து நான் மாற்றியமைத்த ஒப்படைவு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த தலைப்பு, '1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் பற்றிக் கட்டுரை வரைக' என்பது. வந்து சேரும் கட்டுரைகள் அனைத்திலும் ஒரே முன்னுரை, ஒரே துணைத்தலைப்புகள், சில வேளைகளில் ஒரே எழுத்துப்பிழைகள். நூலகரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது, "இந்தக் கேள்விக்கு நூலகத்துக்கு வந்தே ஆகணும்னு எதுவும் இல்லையே சார்? அவங்க ஏன் வரணும்?" என்பதுதான். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து எழுதிய கேள்வி இப்படி அமைந்தது: 'இப்பஞ்சத்தில் இறந்தோரின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவனவற்றுள் வேறுபட்ட மூன்று எண்களைக் கண்டறிக. ஒவ்வோர் எண்ணும் யாரால், எந்த நிலப்பரப்பைக் கணக்கிற்கொண்டு சொல்லப்பட்டது என்பதை இயன்றவரை பின்தொடர்ந்து சென்று காட்டுக. தேடிய வழியைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.'

பார்ப்பதற்கு எளிய கேள்வி. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு மட்டும் 55 லட்சம் என்று ஓரிடத்தில் இருக்கும். 82 லட்சம் என்று மற்றோரிடத்தில் இருக்கும். ஒரு கோடியே மூன்று லட்சம் என்று இன்னோரிடத்தில், வில்லியம் டிக்பியின் பெயரோடு, இருக்கும். டிக்பி யார் என்று தேடினால், பஞ்ச காலத்தில் மதராஸ் டைம்ஸ் இதழின் ஆசிரியராக இருந்தவர், நிவாரணக் குழுவில் பணியாற்றியவர், அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் இரண்டு தொகுதிகள் எழுதியவர் என்பது தெரியவரும். அரசை விமர்சித்த ஒருவரின் எண்ணும், அரசு அமைத்த பஞ்சக் குழுவின் எண்ணும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பிற்கால ஆய்வாளர் பெற்ற எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்ற இடத்துக்கு மாணவர் வந்து சேர்ந்துவிட்டால், வரலாற்று வரைவியல் என்ற தாளில் ஒரு பருவம் முழுவதும் நான் சொல்ல முயல்வதன் பாதியை அவரே கண்டுகொண்டுவிடுகிறார்.

இந்த இடத்தில் நூலகர் கொண்டுவந்தவற்றை நான் கொண்டுவந்திருக்க முடியாது. 'பெரும் பஞ்சம்' என்பதன் ஆங்கிலத் தொடரை அப்படியே தேடினால் அயர்லாந்தின் 1840களின் பஞ்சமும் சீனாவின் 1959–61 பஞ்சமும் முன்னால் வந்து நிற்கும் என்று முதல் வகுப்பிலேயே காட்டி, இடத்தையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுவது, நூற்பட்டியலில் பொருள் தலைப்பின் வழியாக நுழைவது, ஒரு நூலின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய நூலுக்குப் போவது ஆகியவற்றை அவர் பழக்கினார். பழைய தமிழ் நூல்களின் மின்படிகளில், எழுத்துகளைக் கணினி படித்து வைத்திருப்பது பெரும்பாலும் பிழையாக இருக்கும் என்பதால், சொல்லைத் தட்டித் தேடினால் 'இல்லை' என்று வருவதை நம்பிவிடக் கூடாது, பொருளடக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கே புதிய பாடம். நான் கொண்டுவந்தது வேறு. நம் ஊர்களில் அந்தப் பஞ்சத்துக்குப் பெயர் தாது வருஷப் பஞ்சம். அக்காலக் கும்மிப் பாடல்களிலும் ஊர் வரலாறுகளிலும் 1876 என்ற எண் இராது. தாது வருஷம் என்றே இருக்கும். அதுவும் வருஷம், வருடம், ஆண்டு என்று மூன்று விதமாக. ஆண்டுப் பெயரைத் தெரிந்தவருக்குத் தேடும் முறை தெரியாமலும், தேடும் முறை தெரிந்தவருக்கு ஆண்டுப் பெயர் தெரியாமலும் இருந்தால் அந்தச் சான்றுகள் இருவருக்குமே கிட்டா.

படங்களைப் பற்றியும் ஒரு பகுதி சேர்த்தோம். சென்னை மாகாணப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்பவர் எடுத்த பஞ்சப் படங்கள், எலும்பும் தோலுமாக மக்களை அமர்த்தியும் நிறுத்தியும் எடுக்கப்பட்டவை, இன்று சமூக ஊடகங்களில் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் படங்களாக ஓயாமல் சுற்றிவருகின்றன. மாணவர்கள் ஏற்கெனவே பலமுறை பார்த்த படம் அது. படத்தைக் கொண்டே படத்தைத் தேடுவது, தேடிக் கிடைக்கும் பக்கங்களுள் அருங்காட்சியகம் அல்லது ஆவணக் காப்பகம் எது, வெறுமனே பகிர்ந்தவர் யார் என்று பிரித்தறிவது, விளக்கக் குறிப்பில் எடுத்தவர் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றை நூலகர் செய்துகாட்டினார். சுமார் 65 ஆண்டுகள் இடைவெளியுள்ள இரண்டு பஞ்சங்களின் காரணங்களையும் நிருவாகத்தையும் குழப்பிக்கொள்வதால் என்ன பிழை நேர்கிறது என்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

குறிப்பேடுதான் இதில் உயிரான பகுதி. எந்த நாளில், எங்கே, என்ன சொல்லைக் கொண்டு தேடினேன், என்ன கிடைத்தது, எதை ஏன் தள்ளினேன் என்று மாணவர் எழுத வேண்டும். ஒரு மாணவி தம் குறிப்பேட்டில், ஒரே எண்ணைத் தரும் ஐந்து இணையப் பக்கங்களைப் பட்டியலிட்டு, ஐந்திலும் வாக்கியம் ஒன்றாகவே இருப்பதை அடிக்கோடிட்டுக் காட்டி, 'இவை ஐந்து சான்றுகள் அல்ல, ஒன்றே' என்று எழுதியிருந்தார். அவருடைய கட்டுரை நடை சுமாரானதுதான். பழைய முறையில் திருத்தியிருந்தால் நடுத்தரமான மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். மதிப்பெண்ணில் பாதியைக் குறிப்பேட்டுக்கு ஒதுக்கியதால்தான் அந்த வரி எங்கள் கண்ணில் பட்டது. கட்டுரைகளை நான் படித்தேன், குறிப்பேடுகளை நூலகர் படித்தார். பிறகு இருவரும் மாற்றிக்கொண்டோம்.

இணையப் பக்கங்களை மதிப்பிடுவது பற்றி நூலகத் துறையிலேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு பக்கத்தின் ஆசிரியர் யார், தேதி உண்டா, நோக்கம் என்ன என்று வரிசையாகக் கேட்கும் சரிபார்ப்புப் பட்டியல்களை, குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் சீக்கோ நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் 2004இல் உருவான ஒன்றை, உலகெங்கும் நூலகர்கள் கையாண்டு வந்தனர். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்திலேயே நிற்காமல் உடனே வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத் திரும்பினர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களோ மாணவர்களைப் போலவே, அழகிய முகப்பையும் முறையான பெயரையும் பார்த்து ஏமாந்தனர். சான்றுகளை ஐயுறுவதே தொழிலாகக் கொண்ட என் இனத்தார் அங்கே தடுமாறினர் என்பதை நான் சக ஆசிரியர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன். நூலகர் துணை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது போதுமான விடை.

துணைநூற்பட்டியல் எழுதும் இடத்தில் தமிழ் மாணவருக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை உண்டு. மேற்கோள் முறைகள் பலவும் குடும்பப் பெயரை முன்னால் வைக்கச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளிடம் விட்டுவிட்டால் அது தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, ஆசிரியரின் இயற்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். உ. வே. சாமிநாதையரை எடுத்துக்கொண்டால், அமெரிக்க நூலகப் பட்டியல்களின் ஒலிபெயர்ப்பு முறையில் அவர் பெயர் ஆங்கில எழுத்து 'சி'யில் தொடங்குகிறது. மற்ற ஆங்கில நூல்கள் பலவற்றில் 'எஸ்'ஸில் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் தேடியவர் மற்றதன் கீழ் உள்ள எதையும் பார்த்திருக்க மாட்டார். எந்த வடிவங்களையெல்லாம் தேட வேண்டும் என்பது நூலகருக்குத் தெரியும். எந்த வடிவத்தைக் கட்டுரையில் கொள்ள வேண்டும் என்பதைத் துறைதான் முடிவுசெய்ய வேண்டும். எங்கள் துறையில் இயற்பெயரை முன்வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் இடுவது என்று எழுதி ஒட்டிவிட்டோம். மென்பொருள் தருவதைக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை.

இளங்கலையில் இத்தனை சுதந்திரம் உண்டென்றால், ஆராய்ச்சிப் படிப்பில் விதியே இதற்கு இடம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் அனைவருக்கும், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டு கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். முதல் மூன்று அலகுகள் மெய்யியல், அறம், அறிவியல் நடத்தை, வெளியீட்டு நெறி என்று செல்கின்றன. அவை ஆசிரியரின் எல்லைக்குள் வருபவை. அடுத்த மூன்றும் திறந்தநிலை வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் ஆகிய நடைமுறைப் பயிற்சிகள்; 15 மணி நேரம் கொண்டவை; நூலகரின் அன்றாட வேலையிலிருந்தே எடுத்தவை போன்றவை. ஆனால் நான் பார்த்த இடங்களில், ஆறு அலகுகளையும் ஒரே ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்து முடிப்பது அல்லது பின்மூன்றை நூலகரிடம் தள்ளிவிட்டு மறந்துவிடுவது என்ற இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஒரே இதழை எடுத்துக்கொண்டு, அதன் ஆசிரியர் குழு உண்மையானதா, கட்டணம் எவ்வளவு, எங்கே அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று நூலகர் பார்க்க, அதில் வந்த கட்டுரையின் வாதம் தரமானதா என்று ஆசிரியர் பார்க்க, இருவர் முடிவும் ஒத்துப்போகிறதா என்று மாணவர்கள் முன்னிலையிலேயே விவாதித்தால் அந்தப் பாடத்துக்கு உயிர் வந்துவிடும்.

இதற்கான தேவை இப்போது கூடியிருக்கிறது. தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்ட மானியக் குழு நடத்திவந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களின் தரத்தை அந்தந்த நிறுவனமே மதிப்பிட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை 2010 முதல் பெயர் சுட்டி அம்பலப்படுத்திய ஜெஃப்ரி பீலும் ஒரு பல்கலைக்கழக நூலகர்தான். 2017இல் அவர் பட்டியல் இணையத்திலிருந்து நீங்கியது. பட்டியல்கள் வரும், போகும். பட்டியல் இல்லாத நாளில் ஓர் இதழைப் பார்த்து எடைபோடும் பழக்கம் நெறியாளருக்கும் இருக்க வேண்டும், மாணவருக்கும் இருக்க வேண்டும்.

ஒப்புமை விழுக்காட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை சென்றால் ஓராண்டுத் தடை. அதற்கும் மேலென்றால் பதிவே ரத்து. விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களிடையே இப்போது பரவியிருக்கும் திறன், 10க்குக் கீழே கொண்டுவரும் திறன். சொல்லை மாற்றிப் போடுவது, வாக்கியத்தைத் தலைகீழாக்குவது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என்று அதற்குப் பல உபாயங்கள். பிறர் கருத்தைப் பெயர் சொல்லி எடுத்தாண்டு, அதோடு உடன்படவோ முரண்படவோ எப்படி எழுதுவது என்பதை யாரும் கற்பிக்காமல், எண்ணை மட்டும் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு எங்கள் ஒப்படைவில் ஒரு பயிற்சி கூடியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் பற்றி ஐந்து நூல்களைச் சொல்லும்படி செயலியிடம் கேட்டு, அந்த ஐந்தும் உண்மையில் இருக்கின்றனவா என்று, உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும் நம் நூலகங்களின் பட்டியல்களிலும் பார்த்துவர வேண்டும். நியூயார்க்கில் 2023இல், செயலி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட கதையைச் சொல்லித்தான் நூலகர் இதைத் தொடங்குவார். இல்லாத நூல்களை மாணவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். நூல் உண்மையாக இருந்து, அதில் சொல்லப்படாத செய்தி அதன் பெயரில் சொல்லப்பட்டிருந்தால்தான் திண்டாடுகிறார்கள். அங்கே நூலைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

தடைகள் எங்கே என்று கேட்டால், மனத்தடையைவிடக் கால அட்டவணையைத்தான் நான் சொல்வேன். நூலகரின் பணி நேரத்தில் கற்பித்தல் என்ற கட்டமே இல்லை. அவர் என் வகுப்புக்கு வரும் நேரத்தில் நூல் வழங்கும் மேசையில் உட்கார ஆள் இல்லை. உள்மதிப்பீட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட அவருக்கு இடம் இல்லாததால், அவர் படித்துப் போட்ட மதிப்பெண்ணும் என் கையெழுத்தில்தான் போகிறது. இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை; பாடத்திட்டத்தில் அந்தத் தாளுக்கு எதிரே, ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் நூலகர் பெயரையும் எழுதி, வாரத்தில் ஒரு மணி நேரத்தை அவர் பணியாகக் கணக்கிட்டால் போதும். இதைக் கல்விக்குழுவின் அடுத்த கூட்டத்தில் வைப்பதற்கு நாங்கள் எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

வேறு கல்லூரிகளில் இந்த ஒப்படைவைச் செய்து பார்க்க விரும்புவோர் தம் மாவட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்கள் பக்கிங்காம் கால்வாயில் தொடங்கலாம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சேலத்திலும் கோவையிலும் இருப்பவர்கள் 1871, 1881 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளில் தம் வட்டத்தின் மக்கள்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். எதை எடுத்துக்கொண்டாலும், கேள்வியை மாணவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக நூலகரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் சான்றுகளுள் எவை உங்கள் கல்லூரியிலிருந்து உண்மையில் எட்டக்கூடியவை என்று அவர் பார்த்துச் சொல்ல அவ்வளவு நேரமாவது வேண்டும்.